நான் மொழிபெயர்க்காமல் விட்டவை

சென் ஜேம்ஸ் ரவுண்,
ரொறன்ரோ.
27.11.1996, புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். கனடா விசாவுக்காகக் காத்திருக்கும் நீங்களும் அப்பாவும் வெள்ளவத்தை லொட்ஜில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தில், நடந்தது எல்லாவற்றையும் உள்ளபடியே எழுதப்போகிறேன். இங்கு வந்த இரண்டு வருடங்களில் உங்களுக்குப் பதினொரு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். “சித்தி வீட்டில் எல்லோரும் நலம், வெளியே பனி கொட்டுகிறது, கணிதத்தில் தொண்ணூற்றிரண்டு” என்று எழுதினேன். அவற்றில் பனியும் மார்க்கும் மட்டும்தான் உண்மை. வாசித்து முடிக்கும்வரை கோபப்படாதீர்கள். அப்பாவிடம் காட்டாதீர்கள்.

எங்கள் தொடர்மாடிக்குப் பக்கத்துத் தெருவில் உள்ள நூலகத்தில் இருந்து இதை எழுதுகிறேன். வேறு இடம் இல்லாததால் சின்னப் பிள்ளைகளின் மேசையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருக்கிறேன். எதிரே இருக்கும் சுகாதார நிலையத்தின் இரண்டாம் மாடியில் சித்தி இருக்கிறார். அந்த அறைக்குள் இனி நான் வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஏன் என்பதுதான் இந்தக் கடிதம்.

முதலில் சித்தப்பா. எழுதவே அருவருப்பாக இருக்கிறது. அவர் ஓர் இத்தாலியன் றெஸ்ரோறன்ரில் சமையல்காரராக இருப்பது உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் சித்தி தட்டை வைப்பார். சித்தப்பா ஒரு விரலைக் கறிக்குள் விட்டு நக்கிப் பார்ப்பார். பிறகு ஒரு வாய் போட்டு, மென்று, மென்றதைத் தட்டின் ஓரத்தில் துப்புவார். “த்தூ, மொக்கு. எங்கட கிச்சின் குப்பைவாளியும் உதை வேண்டாமெண்டு சொல்லும்” என்பார். சித்தி போய் வெங்காயம் வெட்டி, முட்டை பொரித்துக் கொண்டுவந்து வைப்பார். அதன்பிறகு சித்தப்பா தள்ளிவிட்ட அந்தத் தட்டை எடுத்து, துப்பிய பக்கத்தை மட்டும் வழித்துப் போட்டுவிட்டு, மிச்சத்தைக் குசினியில் பாத்திரம் கழுவும் தொட்டியடியில் நின்றபடி சாப்பிடுவார். இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். சித்தப்பா கை நீட்டுவதில்லை. அதனால் அவரை நல்ல மனிசன் என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

கோடையில் சித்திக்குக் கை விறைக்கத் தொடங்கியது. சாப்பிட்டதைச் சத்தி எடுத்தார். டொக்டர் இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை என்று இந்த நிலையத்துக்கு அனுப்பினார். தங்களை ஒரு பொருட்டாகவே நினைக்காத பெண்களுக்கு அந்த எண்ணத்தை மாற்ற உதவும் குழு அது. எட்டுப் புதன்கிழமைகள், ஆறு பெண்கள். நடத்துபவரின் பெயர் லின்டா. விசர்ப் பைத்தியத்துக்கு வைத்தியம் என்று சித்தப்பா கத்துவார் என்பதால், ஆங்கில வகுப்பு என்று அவரிடம் சொன்னோம்.

முதல் வாரம் மொழிபெயர்க்க ஓர் அன்ரி வந்தார். அடுத்த வாரம் அவர் அஜக்ஸ் நகருக்கு வீடு மாறிப் போய்விட்டார். குழுவில் இன்னொரு தமிழ்ப் பெண் இருந்தார். எங்கள் கட்டடத்தின் பதினோராம் மாடி வேரோனிக்கா அன்ரி. கடையில் காசாளராக இருப்பவர், ஆங்கிலம் நன்றாகத் தெரியும். லின்டா அவரைக் கேட்டார். “எனக்கு என்ர பிரச்சினையே காணும்” என்று அவர் மறுத்துவிட்டார். சித்தியைக் கூட்டிவந்து வாசலில் நின்ற நான் கையை உயர்த்தினேன். பதினைந்து வயதுப் பிள்ளையை வைத்து இதைச் செய்யலாமா என்று லின்டா தயங்கினார். பள்ளிக்கூடத்தில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியதை எல்லாம் சொல்லி நான் அவரைச் சம்மதிக்க வைத்தேன். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அம்மா. இப்போது அந்தப் பெருமையை நினைத்தால், வாய்க்குள் மயிர் அகப்பட்டது போல் இருக்கிறது.

உங்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று லின்டா அன்று எல்லோரையும் கேட்டார். சித்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் ஒண்டுக்கும் உதவாதவள் எண்டு சொல்லு பிள்ளை. அடுப்படித் துணி மாதிரி. துடைக்கிற ஆக்கள் துடைச்சுப்போட்டு எறிஞ்சிட்டுப் போயினம்” என்றார். நான் வாயைத் திறந்தேன். ஐந்து பெண்களும் லின்டாவும் என்னையே பார்த்தார்கள். நீங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுவது அப்போது ஞாபகத்துக்கு வந்தது. ‘சித்தி வீட்டு விசயம் ஒரு சொல்லும் வெளியில் போகக்கூடாது. நீ அவர்களின் சோற்றில் வளருகிறாய்.’ நான் ஆங்கிலத்தில் சொன்னது இதுதான்: “சித்திக்குக் கொஞ்சம் களைப்பு. மற்றப்படி அவருடைய குடும்பம் மிகவும் சந்தோசமானது.” லின்டா சித்தியைப் பார்த்துச் சிரித்தார். தான் சொன்னதைக் கேட்டு ஒருவர் இப்படிச் சிரிக்கிறாரே என்று சித்தி குழம்பியதை நான் பார்த்தேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன்.

மூன்றாவது வாரம், சின்ன வயதில் யாராவது உங்களைக் கூனிக்குறுக வைத்த ஒரு நாளைச் சொல்லுங்கள் என்றார் லின்டா. சித்தி சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன். அதை இப்போதே எழுதினால் நீங்கள் மிச்சத்தை வாசிக்காமல் விட்டுவிடுவீர்கள்.

நான்காவது வாரம்தான் பெரிய பிழையைச் செய்தேன். ஒவ்வொருவரும் தனக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒன்றைச் சொல்லவேண்டும். லின்டா அதை நிறத்தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவார். சோமாலியாவில் இருந்து வந்த ஒரு பெண், எந்தக் குழந்தை அழுதாலும் தன்னால் நிறுத்த முடியும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சித்தியின் முறை வந்தது. “எனக்கு ஒண்டும் வராது. சமையல்கூட வராது. சமையலெண்டாலே அருவருப்பு பிள்ளை. கையில வெங்காய மணம் இருந்தா எனக்கு நித்திரையே வராது” என்றார். சித்தப்பா எங்கள் வீட்டில் எதைப் பழிக்கிறாரோ, அதையே நான் பிடித்துத் திருப்பினேன். “சித்தி மிக நன்றாகச் சமைப்பார். சமைப்பதென்றால் அவருக்கு உயிர்” என்றேன். லின்டா மஞ்சள் தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். என்ன எழுதியிருக்கிறது என்று சித்தி கேட்டார். நல்லவர் என்று எழுதியிருக்கிறது என்றேன். சித்தி அந்தத் தாளைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே என்னை யாராவது அடித்திருக்கலாம்.

அன்று சித்தி தபால் பெட்டியடியில் நிற்க, நானும் வேரோனிக்கா அன்ரியும் எலிவேற்றரில் ஏறினோம். அவர் என் கன்னத்தைத் தடவி, “கெட்டிக்காரி! வீட்டு மானத்தை வெளியில போகவிடாமல் பிடிச்சுப்போட்டாய். என்ர மகளெண்டால் எல்லாத்தையும் கொட்டிப்போட்டு வந்திருப்பாள்” என்றார். நான் செய்வது அவருக்கு முதல் நாளில் இருந்தே தெரிந்திருக்கிறது! சித்தி தமிழில் சொன்னதையும், நான் ஆங்கிலத்தில் சொன்னதையும் கேட்டுக்கொண்டு, படம் பார்ப்பது போல் இருந்திருக்கிறார். அந்த வாரமே உடுப்புத் தோய்க்கும் அறையில், சித்தியின் பெயரைச் சொல்லி, அருள்நாயகி அடுப்படித் துணியாம் என்று அவர் மற்றவர்களுக்குச் சொல்லிச் சிரித்ததை நானே கேட்டேன். வீட்டுக்கு வந்து கன்னத்தைச் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன். அவர் என்னைப் பாராட்டியதுதான் கழுவிப்போகவில்லை.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் முன்பு சொன்னது எல்லாம் பொய் என்று தெரிந்துவிடும். அதனால் தொடர்ந்தேன். சித்தி நன்றாகத் தேறிவருகிறார் என்று லின்டா ஒவ்வொரு வாரமும் எழுதிக்கொண்டார். ஏழாவது வாரம் அவர் ஒரு யோசனை சொன்னார். கடைசி நாளில் சித்தி எல்லோருக்கும் சமைத்துக் கொண்டுவர வேண்டும், எல்லோரும் சாப்பிட்டுப் பாராட்டுவார்கள், அது அவரை நிமிர்ந்து நிற்க வைக்கும் என்றார். “நான் என்னத்துக்கு?” என்று சித்தி கேட்டார். எல்லோரும் ஒவ்வொன்று கொண்டுவர வேண்டுமாம் என்று இன்னொரு பொய் சொன்னேன்.

சித்தி வேலைக்கு லீவு போட்டார். காலை முழுவதும் மஞ்சள் சோறும் கோழிக்கறியும் கத்தரிக்காய்க் குழம்பும் சமைத்தார். இடையில் இரண்டு தரம் ஓடிப்போய்ச் சத்தி எடுத்தார். அன்று பள்ளிக்கூடம் போகாமல் நின்ற நான் அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டேன். முகத்தைக் கழுவிவிட்டு வந்து, அதே கையால் திரும்பவும் அகப்பையைப் பிடித்தார். வீடு முழுக்க எண்ணெய் மணம். பின்னேரம் சட்டிகளைக் கடைக்குக் கொண்டுபோகும் வண்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனோம்.

அறைக்குள் போனால், மேசையில் வெறும் கடதாசித் தட்டுகள். சித்தி எல்லோருடைய கைகளையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, “மற்ற ஆக்கள் ஒண்டும் கொண்டுவரேல்லையே?” என்றார். நான் கரண்டிகளை அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

லின்டா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கண்களை மூடிக்கொண்டார். வேரோனிக்கா அன்ரி, “கத்தரிக்காய் ஒரு நூல் கசக்குது. எண்டாலும் பரவாயில்லை அருள், உமக்குள்ளயும் ஒரு சமையல்காரி இருக்கிறா” என்று கண்ணைச் சிமிட்டினார். பிறகு லின்டா எழுந்து ஒரு சான்றிதழை நீட்டினார். சித்தி தன் திறமையைக் கண்டுகொண்டார், இனி இங்கு வரத் தேவையில்லை, கோப்பை மூடிவிடலாம் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். சித்தி தாளை என்னிடம் தந்து, வாசி என்றார்.

ஏழு புதன்கிழமைகளில் முதல் தடவையாக, இருப்பதை இருந்தபடி சொன்னேன். “சமையலில் உள்ள ஆற்றலால் தன் மதிப்பை உணர்ந்த அருள்நாயகிக்கு.” சித்தி சுவரில் இருந்த மஞ்சள் தாளைப் பார்த்தார். மிச்சம் இருந்த சட்டியைப் பார்த்தார். “துர்க்கா, நீ இவ்வளவு நாளும் இவவுக்கு என்ன சொன்னனீ?” என்று கேட்டார். சத்தம் போடவில்லை. என் முன்னால் யாரோ பாதி சாப்பிட்டு வைத்த தட்டு இருந்தது. மஞ்சள் எண்ணெயில் ஊறிய துடைக்கும் தாள், அதன் மேல் ஒரு கடித்த எலும்பு. சித்தப்பா தட்டில் துப்புகிறார். நான் அந்தத் துப்பலைத் துடைத்து, அலங்கரித்து, திரும்பவும் சித்தியின் முன்னால் வைத்திருக்கிறேன். எங்கள் இருவரில் யார் அதிக மோசம் என்று இன்னும் என்னால் சொல்ல முடியவில்லை.

எல்லாவற்றையும் தமிழில் சித்தியிடம் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, சான்றிதழை மேசையில் கவிழ்த்து வைத்தார். என்னிடம் சொல்லி, நான் லின்டாவிடம் சொல்வதற்கு அவர் காத்திருக்கவில்லை. தானே நேரே லின்டாவைப் பார்த்து, “நோ குக்கிங். ஐ டோன்ற் லைக். ஐ ஹேற்” என்றார். லின்டா பகிடி என்று நினைத்துச் சிரித்தார். சித்தி சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டி, “ஐ பிக்ஸ் மெஷின்” என்றார்.

சித்தியின் தொழிற்சாலையில் ஆணிகளைப் பைக்குள் போட்டு ஒட்டும் இயந்திரம் அடிக்கடி நின்றுவிடுமாம். மெக்கானிக் வர இரண்டு மணித்தியாலம் ஆகுமாம். சித்தி மூடியைக் கழற்றிப் பத்து நிமிடத்தில் ஓட வைத்துவிடுவாராம். சுப்பர்வைசர் அவரை எஞ்சினியர் என்று கூப்பிடுகிறாராம். ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு இது தெரியாது, அம்மா. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு நான் லின்டாவிடம் ஒவ்வொரு வாரமும் சித்தி உண்மையில் சொன்னதை வரிசையாகச் சொன்னேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அடுப்படித் துணியையும் சொன்னேன், தட்டையும் சொன்னேன். நாற்பது நிமிடம் ஆனது. ஒருவரும் எழும்பவில்லை, வேரோனிக்கா அன்ரியைத் தவிர. “கொண்டு வளர்த்த வீட்டின்ர மானத்தைக் கப்பலேத்திப் போட்டுதே இந்தப் பெட்டை” என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார். இந்த முறை நான் கன்னத்தைக் கழுவவில்லை.

லின்டாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. சித்தியின் கையைப் பிடித்து, பிழை தன்னுடையது என்றார். ஒரு பிள்ளையை அந்தக் கதிரையில் உட்கார வைத்தது தான் என்றார். கோப்பை மூடவில்லை. இன்னும் எட்டு வாரம், தனியாக, வளர்ந்த ஒரு பெண் மொழிபெயர்ப்பாளருடன் என்று ஏற்பாடு செய்தார். நான் வரக்கூடாது என்றார். அதைக் கேட்டதும் அழுகை வந்தது. வெட்கமா, நிம்மதியா, தெரியாது.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டிலைச் சித்தியே தள்ளினார். எங்கள் மாடிக்கு வந்ததும், குப்பை போடும் குழாயின் கதவைத் திறந்து மிச்சக் கோழிக்கறி முழுவதையும் கொட்டினார். அது தட் தட் என்று கீழே இறங்கியதை இருவரும் நின்று கேட்டோம். “பதினாலு மாடியும் மணக்கட்டும்” என்றார் சித்தி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தியும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, “நீ பயந்துதான் சொன்னனீ எண்டு எனக்குத் தெரியும். ஆர் சொல்லித் தந்தது? அக்காவோ?” என்று கேட்டார். நான் வெறும் சட்டியை வண்டிலில் எடுத்து வைத்தேன். அவரும் பிறகு கேட்கவில்லை.

மறுநாள் இரவுச் சாப்பாட்டில் சித்தப்பா வழக்கம்போல விரலை விட்டார், மென்றார், துப்பினார். சித்தி முட்டை பொரிக்கப் போகவில்லை. “பாண் இருக்கு, வெட்டிச் சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு, தனக்கென்று ஒரு புதுத் தட்டு எடுத்து, கதிரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். சித்தி மேசையில் இருந்து சாப்பிட்டதை அன்றுதான் கண்டேன். அன்றிலிருந்து சித்தப்பா எங்களுடன் கதைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைப் பார்த்து, “உன்ர கொம்மாவுக்கு எழுது, உன்ர சித்திக்குத் தலைக்கனம் பிடிச்சிட்டுதெண்டு” என்றார். அவர் சொன்னபடி எழுதிவிட்டேன். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இருப்பது அவருடைய வீடு.

இனி அந்த மூன்றாவது வாரம். சித்தி சொன்னது இதுதான். அன்று உங்களுக்கு ஏஎல் சோதனை, பல்கலைக்கழகம் போக எழுதும் அந்தப் பரீட்சை. நீங்கள் சைக்கிள் ஓட, பதினொரு வயதுச் சித்தி பின்னால் இருந்தார். கொக்குவில் ரெயில் கடவையில் சங்கிலி கழன்றுவிட்டது. நீங்கள் நேரம் போகிறதே என்று அழத் தொடங்கிவிட்டீர்கள். சித்தி தடி ஒன்றை எடுத்துச் சங்கிலியை நெம்பி ஏற்றிப் பூட்டினார். ஏறும்போது அவருடைய கிறீஸ் கை உங்கள் வெள்ளைச் சட்டையில் பட்டது. நடுத்தெருவில் அவருடைய கன்னத்தில் அறைந்து, “ஒண்டுக்கும் உதவாத சனியன்” என்றீர்கள். நீங்கள் நேரத்துக்குப் போய்ச் சோதனை எழுதினீர்கள். சித்தி சோதனை நடந்த பள்ளிக்கூடத்தின் மதிலடியில் நின்று கையை மண்ணில் தேய்த்துக் கழுவினாராம். இதைச் சொல்லும்போது சித்தி சிரித்தார். “பாவம் அக்கா, அவவுக்குப் பயம். அதாலதான்” என்றார்.

நான் லின்டாவிடம் சொன்னது: “சித்தியும் அவருடைய அக்காவும் ஒன்றாகச் சைக்கிளில் போவார்கள். அது மிகவும் இனிமையான ஞாபகம்.”

அம்மா, சித்திக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். என் கடிதத்துக்குள் வைக்காமல், அவருடைய பெயரைப் போட்டுத் தனியாக அனுப்புங்கள். பொறுத்துப் போ என்று எழுதாதீர்கள். மானம் என்ற சொல்லையும் எழுதாதீர்கள். அன்று சங்கிலியைப் பூட்டியது சித்திதான் என்றும், அது இல்லாவிட்டால் நீங்கள் அந்தச் சோதனையே எழுதியிருக்க மாட்டீர்கள் என்றும் எழுதுங்கள். அறைந்ததைப் பற்றி எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டால் சங்கிலி மட்டும் போதும். நான் அதைப் பிரித்துப் பார்க்க மாட்டேன். தமிழில் எழுதப்போகிறீர்கள், அதற்கு நான் தேவையில்லை.

கோவிலில் எனக்காகக் கும்பிடும்போது சித்தியின் பெயரையும் சொல்லுங்கள். நீங்கள் இருவரும் பத்திரமாக வந்து சேரவேண்டும் என்று நான் தினமும் கும்பிடுகிறேன். இவ்வளவு எழுதிய பிறகும் கும்பிடுவேன்.

மூடப்போகிறோம் என்று மணி அடித்துவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் சித்தி இறங்கி வருகிறார். குளிருக்கும் கைகளைப் பைக்குள் வைக்காமல் வீசிக்கொண்டு வருகிறார். கடைசி வரியை நூலக வாசலில் நின்று எழுதுகிறேன். உள்ளே விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.

இப்படிக்கு,
உங்கள் மகள்
துர்க்கா